அசையாமல் இருந்தவர்கள்

மணிலாவில், பசிக் ஆற்றங்கரையில்
பழைய சுங்கக் கிடங்கின் மாடியில் எனக்கு வேலை.
கண்ணாடித் தகடுகளைத் துடைக்க வேண்டும், எண்ணிட வேண்டும்,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு எழுத வேண்டும்.
பூஞ்சை எப்போதும் மூலையிலிருந்து வரும்.
முதலில் வானத்தைத் தின்னும்,
பிறகு மாதா கோயில் மணிக்கூண்டை.
ஆட்களிடம் வருவதற்குள் பிடித்துவிட்டால்
அன்றைக்குச் சம்பளம் செரிக்கும்.

எனக்கு முன் இங்கே இருந்தவர் தியோடுலோ.
நெகட்டிவில் வெள்ளைக்காரர்கள் கறுத்துத் தெரிவதை
விளக்கில் பிடித்துப் பார்த்துச் சிரிப்பாராம்.
குறிப்புகளில் கஞ்சன்.

தகடு 31. ஸ்பானியர் காலம்.
மதிலுக்குள் ஒரு தெரு.
"ஆளரவமற்ற தெரு" என்று எழுதியிருக்கிறார்.
அடித்தேன்.
கீழே நிழல்கள் குட்டையாக விழுந்திருக்கின்றன,
நல்ல உச்சிவேளை, சந்தைக் கூடாரம் வேறு போட்டிருக்கிறது.
ஆளில்லாமலா?
அந்தக் காலத்துக் கேமரா
மூடியைக் கழற்றினால் இருபது எண்ணும்வரை விழித்திருக்கும்.
நடந்த ஒருவரும் அதற்குப் படவில்லை.
மீன்கூடைக்காரிகள், அங்கியைத் தூக்கிப் பிடித்த பாதிரிகள்,
சண்டைச் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினவன்,
எல்லோரும் கல்லின் மேல் ஒரு கலங்கல்.
பதிந்தது ஒரு தூங்கும் நாய்.
சவரத்துக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்த ஒருவன்.
சவரம் செய்தவனுக்கு
முழங்கைக்குக் கீழே கை இல்லை.

தகடு 208. அமெரிக்கர் வந்தாயிற்று.
அளவுகோலோடு சேர்த்து நிறுத்திய ஒரு பெண்.
"சுதேசி மாதிரி, 14. நாலடி பத்தங்குலம்."
பெயர் கேட்கத் தோன்றவில்லை யாருக்கும்.
வலக்கைக் கட்டைவிரல் மட்டும் இரண்டாகத் தெரிகிறது.
அசையாதே என்றார்கள்,
அவ்வளவு அசைந்திருக்கிறாள்.

பினொண்டோவில் டியோங்கோ ஸ்டூடியோ இருந்தது.
அங்கே வாடகைக்கு ஒரு கறுப்புக் கோட்டு,
மூன்றாம் பொத்தான் இல்லாதது.
பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.
1911இல் அதற்குள் ஒரு குமாஸ்தா.
1926இல் குத்துச்சண்டைக்காரன்,
கை மணிக்கட்டுக்கு வரவில்லை.
1938இல் ஒரு தகப்பன்,
மடியில் பூச்சூட்டிய கைக்குழந்தை.
மற்ற படங்களில் எல்லாம் யாராவது இமைத்திருப்பார்கள்;
அந்தக் குழந்தை மட்டும் கூர்மையாக விழுந்திருக்கிறது.

1943. அதே கோட்டு, மாப்பிள்ளை.
ஜன்னலில் ஜப்பான் கொடியின் ஓரம்.
மணப்பெண்ணின் செருப்பு ஒன்றுபோல் ஒன்றில்லை,
பாவாடையை இறக்கிவிட்டு மறைத்திருக்கிறாள்.
உறையின் பின்னால் பென்சிலில்:
"ப்ருடென்சியா, அனக்லெட்டோ. பாக்கி ஆறு பேசோ."
பாக்கி தீர்ந்த படங்கள் வீடுகளுக்குப் போய்
வீடுகளோடு எரிந்தன.
வாங்க வராதது
ஸ்டூடியோக்காரரின் தகரப்பெட்டியில்
கிணற்றுக்குள் கிடந்து பிழைத்தது.

கடைசிப் பெட்டியில் தகடு இல்லை, சுருள்.
1945 மார்ச், விமானத்திலிருந்து.
ஐந்நூறில் ஒரு பங்கு நொடி.
ஓடுகிறவனின் குதிகால் தூசியைக்கூடப் பிடித்துவிடும் கேமரா.
அதே தெரு.
மணிக்கூண்டு பாதி.
சுவர்கள் நிற்கின்றன, கூரையில்லாமல்,
பல் பிடுங்கின ஈறு மாதிரி.
தியோடுலோ இங்கும் அதையேதான் எழுதியிருக்கிறார்:
"ஆளரவமற்ற தெரு."
பேனாவை எடுத்தேன்.
மூடி வைத்துவிட்டு
உருப்பெருக்கியை எடுத்தேன்.

மூன்று மணி நேரம் தேடினேன்.
ஆற்றோரம், படிக்கட்டு இருந்த இடத்தில் ஏதோ கறுப்பாக.
கோட்டாக இருக்கலாம்.
கரிந்த தகரமாக இருக்கலாம்.
சுருளில் விழுந்த கீறலாகவும் இருக்கலாம்.
கீழே காவலாளி சாவிக்கொத்தை ஆட்டுகிறான், மணி ஆறு.
தியோடுலோவின் வரியை அடிக்கவில்லை.
மிச்சமிருந்த ஒரு வரியில் எழுதினேன்:
பாக்கி, ஆறு பேசோ.